ஆயிரம் ஆண்டுக் குத்தகை: அர்னால்ட் அர்போரேட்டம் – ஒரு மதிப்பீடு

பழைய மரத்தோட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் மரத்தைப் புகழ்ந்துவிட்டுத் தோட்டத்தை மதிப்பிட்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். ஓக் மரம் முந்நூறு ஆண்டு நிற்பது ஓக்கின் இயல்பு. அதில் தோட்டத்துக்குப் பெருமை ஏதும் இல்லை. அதை எங்கே நட்டார்கள், எதன் அருகில் நட்டார்கள், எந்த மலையிலிருந்து வந்தது என்று எழுதி வைத்தார்களா, அந்த எழுத்து பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டதா என்பவையே தோட்டத்தின் செயல்கள். மதிப்பிட வேண்டியவை அவைதான்.

பாஸ்டன் நகரின் தென்மேற்கில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நடத்தும் அர்னால்ட் அர்போரேட்டம், தன்னை அளப்பதற்கான கோல்களைத் தன் ஆவணங்களிலேயே வைத்திருக்கிறது. முதற்கோல் 1872 மார்ச்சில் கையெழுத்தான நிறுவன ஒப்பந்தம். அந்த நிலத்தில் திறந்தவெளியில் வளரக்கூடிய மரங்கள், புதர்கள், செடிகள் அனைத்தையும், உள்நாட்டினவோ வெளிநாட்டினவோ, இயன்றவரை அங்கே வளர்க்க வேண்டும் என்பது அதன் விதி. இரண்டாம் கோல் ஓர் ஐயம். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் லா ஓல்ம்ஸ்டெட்டை, தோட்டத்தின் முதல் இயக்குநர் சார்லஸ் ஸ்பிரேக் சார்ஜென்ட் துணைக்கு அழைத்தார். பூங்காவும் மரத்தொகுப்பும் நோக்கத்தில் வேறானவை, இரண்டையும் திருப்தியாக இணைக்கத் தம்மால் முடியுமா என்பதில் உறுதியில்லை என்று 1874இல் ஓல்ம்ஸ்டெட் பதில் எழுதினார். அந்த ஐயம் நியாயமானது. தொகுப்புக்கு வரிசை வேண்டும், முழுமை வேண்டும்; அழகில்லாத இனத்துக்கும் அதில் இடம் உண்டு. பூங்காவோ கண்ணின் விருப்பப்படி இடம் ஒதுக்குவது. ஐயுற்றவரே பிறகு அந்தப் பணியை ஏற்றார். ஆகவே, இரண்டும் இணைந்தனவா என்று அவர் சார்பிலேயே கேட்கலாம்.

இத்தோட்டத்தின் பிறப்பில் பெரும் தரிசனம் எதுவும் இல்லை. நியூ பெட்ஃபோர்டின் திமிங்கல வேட்டை வணிகர் ஜேம்ஸ் அர்னால்ட் 1868இல் இறந்தபோது ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையை வேளாண்மை, தோட்டக்கலை வளர்ச்சிக்கென அறங்காவலர்களிடம் விட்டுச் சென்றார். பெஞ்சமின் பஸ்ஸி என்ற வணிகரின் பண்ணை உயில் வழியாக ஹார்வர்டிடம் இருந்தது. பணத்தையும் நிலத்தையும் சேர்த்து வைத்தது அறங்காவலர்களின் சாமர்த்தியம். பஸ்ஸியின் செல்வம் அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரை, காப்பி, பருத்தி வணிகத்தில் திரண்டது என்பதை ஹார்வர்டின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. தோட்டத்தின் கலைத்தரத்தை அது கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆனால் தன் ஒவ்வொரு மரத்துக்கும் மூலம் கேட்டு எழுதும் நிறுவனம் தன் மூலத்தையும் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

அடுத்து நிகழ்ந்தது உண்மையான சாதனை. இவ்வளவு நிலத்தில் பாதை போடவும் காவல் வைக்கவும் சார்ஜென்ட்டிடம் பணம் இல்லை. பல ஆண்டு வாதாட்டத்துக்குப் பின் 1882இல் ஓர் உடன்பாடு வந்தது. நிலம் நகராட்சியின் உடைமை. ஹார்வர்டுக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் ஆயிரம் ஆண்டுக் குத்தகை. அது முடிந்தால் இன்னோர் ஆயிரம் ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். பாதைகளும் காவலும் நகரின் பொறுப்பு, மரங்கள் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. மக்களுக்கு நுழைவு இலவசம். பாஸ்டனின் ‘மரகத மாலை’ எனப்படும் பூங்காத் தொடரில் தோட்டமும் ஒரு கண்ணியானது. மரம் நடுகிறவன் தன் ஆயுளுக்கு அப்பால் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதைச் சட்ட வாசகமாக்கி, யாருக்கு எது கடமை என்று பிரித்து எழுதி வைத்த தோட்டங்கள் அரிது. இன்று 281 ஏக்கரில், ஆண்டின் எல்லா நாளும் கட்டணமின்றி அது திறந்திருப்பதற்கு அந்த உடன்பாடுதான் காரணம்.

இனி வடிவமைப்பு. ஓல்ம்ஸ்டெட்டும் சார்ஜென்ட்டும் கண்ட தீர்வு, வகைப்பாட்டையே பாதையாக்குவது. தமிழ்நாட்டில் தாவரவியல் படித்தவர்களுக்கு பெந்தம்–ஹூக்கர் வகைப்பாடு மனப்பாடம். கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும் அந்த வரிசையில் நடப்பதுதான். அதே வரிசை பாஸ்டனில் ஒரு வண்டிப்பாதையாக வளைந்து செல்கிறது. ஹன்னவெல் கட்டடத்தருகே மக்னோலியாவில் தொடங்குகிறது. லிண்டன், மேப்பிள், அவரைக் குடும்பத்து மரங்கள், ரோஜாக் குடும்பம், லைலாக், எல்ம், வால்நட், ஓக் என்று போய் ஊசியிலை மரங்களில் முடிகிறது. பெந்தம்–ஹூக்கரில் வித்து மூடாத் தாவரங்களின் இடம் இருவித்திலைகளுக்கும் ஒருவித்திலைகளுக்கும் நடுவில் என்பது நினைவிருக்கும். பனையும் மூங்கிலும் மரமாய் நிற்க முடியாத குளிர்நாட்டில் ஒருவித்திலைப் பகுதி உதிர்ந்துவிட, நடுவில் இருந்தது கடைசியாகிறது. அடர்ந்து கறுத்த பசுமையில் பாதை முடிவது காட்சிக்கும் பொருத்தமாக அமைந்தது. முறைமையும் கண்ணும் ஒரே புள்ளியில் நிறைவடையும் இந்த இடம், ஓல்ம்ஸ்டெட்டின் ஐயத்துக்கு அவரே தந்த சிறந்த மறுமொழி.

அக்டோபரில் அந்தப் பாதையில் நடந்தால் வடிவமைப்பின் மேன்மை புரியும். வளைவு ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தைத் திறந்து காட்டி, அடுத்ததை மறைத்து வைக்கிறது. மேப்பிள் திரளின் சிவப்பும் ஹிக்கரியின் மஞ்சளும் ஒன்றையொன்று அமுக்குவதில்லை. இடையே புல்வெளியும் மேடும் மூச்சுவிட இடம் தருகின்றன. ஒரே பேரினத்தின் பல இனங்கள் அருகருகே நிற்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது நடக்கும்போதே நிகழ்கிறது. இலைக் காம்பு, பட்டைப் பிளவு, கிளை விரியும் கோணம் ஆகிய வேறுபாடுகளைப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் இவ்வளவு தெளிவு வராது.

குறை, அந்த வரிசை இன்று வரிசையாகப் படிக்கப்படவில்லை என்பது. மக்னோலியாவில் தொடங்கி ஊசியிலையில் முடிவது ஒரு வாதம் என்று, முன்பே அறியாதவருக்குத் தெரிய வழியில்லை. தோட்டமும் தன் வாதத்தைப் பலமுறை மீறியிருக்கிறது. சீனாவிலிருந்து வந்த அரிய மரங்கள் பஸ்ஸி குன்றின் உச்சியருகே தனிக்கூட்டமாக நிற்கின்றன. குளிருக்கு அஞ்சும் இனங்களுக்கு அந்தச் சரிவு கதகதப்பானது என்பதால் அது சரியான முடிவே. கொடிகளுக்கும் புதர்களுக்கும் 2002இல் திறந்த லெவன்ட்ரிட் தோட்டமோ தனிப் படைப்பு. தன்னளவில் நேர்த்தியானது, முழுமையோடு ஒட்டாதது. வகைப்பாடும் மாறிவிட்டது. லிண்டன் இப்போது பருத்தியும் பூவரசும் சேர்ந்த மால்வேசியில் இருக்கிறது. மேப்பிளின் கதை இன்னும் சுவையானது. பெந்தமும் ஹூக்கரும் அதைப் பூந்திக்கொட்டையின் குடும்பத்தில் வைத்தார்கள். அடுத்த தலைமுறை, இத்தோட்டத்தின் தாவரவியலாளர் ஆல்ஃபிரட் ரேடர் உட்பட, தனிக் குடும்பமாகப் பிரித்தது. மரபணுச் சான்றுகள் மறுபடி பூந்திக்கொட்டையோடு சேர்த்துவிட்டன. நூலை அச்சில் திருத்தலாம். நூறு வயது மரத்தைப் பெயர்த்து நட முடியாது. ஆகவே வகைப்பாட்டை நிலத்தில் எழுதும் எந்தத் தோட்டமும் காலாவதியாகும் வாய்ப்பை ஏற்றுத்தான் தொடங்குகிறது. அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். காலாவதியானதைப் பார்வையாளருக்கு விளக்காமல் விடுவதே குற்றம்.

அப்படியானால் தோட்டத்தின் தலைமை எதில்? என் மதிப்பீட்டில், கிளையில் தொங்கும் ஒரு சின்ன உலோகச் சீட்டில்.

பட்டை உரியும் மேப்பிளான ஏசர் கிரிசியத்தின் அருகே நின்று பாருங்கள். இலவங்க நிறப் பட்டை மெல்லிய சுருள்களாக எழும்பி நிற்கும். எதிர்வெயிலில் ஒவ்வொரு சுருளும் உள்ளொளி பெற்றதுபோல் சிவக்கும். அங்கேயே பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். சீட்டைத் திருப்பினால் பெயரோடு ஒரு பதிவு எண் இருக்கும். ஒரே மூலத்திலிருந்து ஒரே நேரத்தில் வந்த விதை அல்லது நாற்றுக் கூட்டத்துக்கு ஓர் எண். அதில் பிழைத்த ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணின் பின் ஓர் எழுத்து. தாவரச் சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சனின் 1907ஆம் ஆண்டுச் சீனப் பயணத்தில் நாற்றாக வந்த மரம் எது, அதிலிருந்து பின்னால் பெருக்கியது எது என்பதை அந்த எண் பிரித்துச் சொல்லும். எங்கே எடுத்தது, யார் எடுத்தது, எப்போது நட்டது, எந்தக் குளிர்காலத்தில் கிளை ஒடிந்தது, எப்போது செத்தது என்ற வரலாறு எண்ணைப் பற்றிக்கொண்டு பதிவேட்டில் நீள்கிறது. ஏறத்தாழ 16,000 செடிகொடி மரங்களுக்கு இப்படி ஒரு வரலாறு உண்டு. இன்று இணைய வரைபடத்தில் எவரும் அதைத் தேடிப் படிக்கலாம். மூலம் தெரியாத மரம் அழகாக இருக்கலாம். ஆய்வுக்கு அது சாட்சி சொல்லாது.

இந்த முறைமையின் வலிமையைத் தோட்டத்தின் முதல் இயக்குநரின் தவறே நிறுவியது. ஐம்பத்து நான்கு ஆண்டுகள், 1927இல் இறக்கும்வரை, சார்ஜென்ட் இயக்குநராக இருந்தார். வட அமெரிக்க மரங்களைப் பற்றி 14 தொகுதிகள் எழுதியவர். அந்தத் துறையில் அவர் சொல்லே அளவை. அதே சார்ஜென்ட் ஹாதார்ன் பேரினத்தில் மட்டும் எழுநூறுக்கு மேற்பட்ட புதிய இனங்களை விவரித்தார். பெரும்பாலானவை இன்று வெறும் மறுபெயர்கள். காரணம் அலட்சியம் அல்ல. ஹாதார்ன் கருவுறாமலேயே விதை கட்டக்கூடியது. அப்படிப் பிறந்த நாற்றுகள் தாயின் நகலாகவே இருக்கும். தலைமுறை தாண்டியும் மாறாத ஒவ்வொரு நகல்வரிசையையும் அவர் தனி இனம் என்று எடுத்துக்கொண்டார். உற்றுநோக்கல் துல்லியமானது, அனுமானம் பிழையானது. ஆனால் அந்த ஹாதார்ன்களைப் பெயரோடும் மூலத்தோடும் பீட்டர்ஸ் குன்றில் நட்டு வளர்த்தார். பின்வந்தவர்கள் அவர் முடிவைத் திருத்த அவர் வைத்துவிட்டுப் போன சான்றே உதவியது. தன் முதல் இயக்குநரின் கருத்தை மறுக்கும் ஆதாரத்தையும் பத்திரமாகக் காக்கும் தோட்டத்துக்கே அறிவியல் நிறுவனம் என்ற பெயர் பொருந்தும்.

சேகரிப்பின் வரலாற்றுக்கு இரண்டு முகம் உண்டு. வில்சன் 1907 முதல் 1911 வரை அர்னால்டுக்காக மேற்கொண்ட சீனப் பயணங்கள் அளவிலும் தரத்திலும் அசாதாரணமானவை. விதை, உலர்மாதிரி, கண்ணாடித் தகட்டில் எடுத்த ஒளிப்படம் மூன்றும் ஒன்றுக்கொன்று சான்றாக நிற்கின்றன. 1910இல் மலைச்சரிவில் பாறை உருண்டு கால் நொறுங்கிய பிறகும் அவர் ஏற்பாடு செய்த சேகரிப்பு நிற்கவில்லை. அந்தச் செய்தியைப் பலரும் வில்சனின் மனவுறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு அது வேறொன்றுக்கும் சான்று: அவர் படுக்கையில் கிடக்க, வேலையை முடித்தவர்கள் அவர் பயிற்றுவித்த சீன உதவியாளர்கள். பதிவேட்டில் இருப்பது வில்சனின் பெயர், வில்சனின் எண். மூலத்தை இவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கும் முறைமை, விதையைக் கையில் எடுத்தவரைக் குறிக்கவில்லை. முறைமையின் தர்க்கப்படியே இது குறை. வெளியிலிருந்து வந்த அறக்குற்றச்சாட்டாக மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது.

மெட்டாசெக்வோயா விஷயத்தில் அந்தக் குறை பெரிதும் நேராயிற்று. 1941இல் ஜப்பானியர் ஷிகேரு மிகி புதைபடிவமாக மட்டும் அறிந்து பெயரிட்ட பேரினம் அது. உயிரோடு நிற்கும் மரங்கள் நடுச்சீனாவில் தென்பட்டன. அவற்றை 1948இல் புது இனமாக விவரித்தவர்கள் ஹு சியான்சு, செங் வான்சுன் என்ற சீனத் தாவரவியலாளர்கள். அர்னால்டின் முன்னாள் இயக்குநர் எல்மர் மெரில் விதை சேகரிக்க 250 டாலர் அனுப்பினார். 1948 தொடக்கத்தில் விதை பாஸ்டன் வந்தது. வந்ததை அவர் தன் தோட்டத்தோடு வைத்துக்கொள்ளவில்லை. உலகெங்குமுள்ள தோட்டங்களுக்குப் பொட்டலம் பொட்டலமாக அனுப்பினார். சிறிய செலவில், சரியான நேரத்தில், பகிர்வதையே முறையாகக் கொண்டு ஒரு தாவரவியல் நிறுவனம் செய்த வேலைகளில் இதற்கு இணையானவை சிலவே. 1991 முதல் சீனத் தோட்டங்களோடு கூட்டமைப்பாகச் சேகரிப்பதும், 2015இல் ஏறக்குறைய 400 இனங்களைப் பெயர் குறித்துப் பத்தாண்டுத் திட்டமிட்டதும் இதே வழியில் வந்தவை. ‘எல்லாவற்றையும்’ என்ற 1872ஆம் ஆண்டுச் சொல் நிறைவேறாது. தேவை எது என்று தேர்ந்து பட்டியலிடுவது அந்தச் சொல்லைவிட முதிர்ந்த அளவுகோல்.

ஹார்வர்டு மீது ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. சட்டத்தில் தீர்ந்தது, திறனாய்வில் தீரவில்லை. 1953இல் பல்கலைக்கழக நிர்வாகம் அர்போரேட்டத்தின் உலர்தாவரத் தொகுப்பிலும் நூலகத்திலும் பெரும்பகுதியை கேம்பிரிட்ஜ் வளாகத்துக்கு மாற்ற முடிவு செய்தது. அர்போரேட்டத்துக்கென்று கொடுத்த பணத்தில் வளர்ந்ததை வெளியே கொண்டுபோவது அறக்கட்டளை மீறல் என்று ஆதரவாளர்கள் போராடினார்கள். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 1966இல் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகத்தின் வாதத்தில் நியாயம் இருந்தது: ஹார்வர்டின் கிரே உலர்தாவரகத்தோடு ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஆய்வாளருக்கு வசதி. ஆனால் உயிருள்ள மரம், அதன் உலர்மாதிரி, அதைப் பற்றிய நூல் மூன்றும் நடைதூரத்தில் இருந்ததுதான் இந்நிறுவனத்தின் கட்டுக்கோப்பு. அதைப் பிரித்தபோது தாவரவியலுக்கு நேர்ந்த நட்டம் சிறிது. இடத்துக்கு நேர்ந்த நட்டம் பெரிது. பயிரிடப்பட்ட தாவரங்களின் மாதிரிகள் அங்கேயே தங்கியதும், 2011இல் வெல்ட் குன்றில் ஆய்வுக்கூடம் எழுந்ததும் பிளவைக் குறைத்தன, மூடவில்லை.

பூங்கா என்ற பாதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனெனில் அது வென்றுவிட்ட பாதி. மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு லைலாக் ஞாயிறு. 1908 முதல் நடந்துவரும் விழா. சுமார் 400 லைலாக் செடிகளின் சரிவில் நகரமே திரளும். உணவு கொண்டுவந்து புல்லில் உட்கார்ந்து உண்ண அனுமதி அந்த ஒரு நாள் மட்டும். மற்ற நாட்களில் மரத்துக்கு முன்னுரிமை என்ற கண்டிப்பு எனக்கு உடன்பாடானது.

இருவேறு நோக்கங்களும் உண்மையில் சோதிக்கப்பட்ட இடம் ஹெம்லாக் குன்று. அது யாரும் நட்டதல்ல. தோட்டத்துக்கு முன்பே நின்ற இயற்கைக் காடு. 1997இல் அங்கே கம்பளி அடெல்ஜிட் தென்பட்டது. ஊசியிலையின் அடிப்பக்கம், காம்பின் மூட்டில், பஞ்சுத் துணுக்கு ஒட்டியதுபோல் வெள்ளை முடிச்சுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் சாறு உறிஞ்சும் பூச்சி. ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்த அதற்குக் கிழக்கு அமெரிக்க ஹெம்லாக்கிடம் தற்காப்பு இல்லை. கண்டங்களுக்கிடையே செடி போய்வந்த வழியில் பூச்சியும் வந்தது என்பதை அர்னால்ட் போன்ற நிறுவனம் மற்றவர்களைவிடக் கூர்மையாக உணர்ந்தாக வேண்டும். அதே தோட்டத்தில் வில்சன் காலத்துச் சேகரிப்பிலிருந்து வளர்ந்த சீன ஹெம்லாக் இருந்தது. பூச்சி அதை அண்டவில்லை. மூலத்தோடு காத்த மரம் நூறாண்டு கழித்து ஒரு கேள்விக்கு விடையாயிற்று. குன்றில் சில மரங்களுக்கு மருந்து, சிலவற்றை வெட்டுதல், சில பகுதியைக் கருப்பு பிர்ச் எழும்பட்டும் என்று விட்டுவிடுதல் என்று பிரித்து நடத்தினார்கள். பார்வைக்கு அது அலங்கோலமாகத் தெரிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு பகுதியும் பதிவோடு செய்த சோதனை. நான் இதை அர்போரேட்டத்தின் அண்மைக்காலச் செயல்களில் மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன்.

என் தீர்ப்பு இது. மரத்தொகுப்பு என்ற அளவில் அர்னால்ட் முதல் தரம். மிதமான குளிர்நாட்டு மரங்களுக்கு அதனோடு ஒப்பிடத்தக்கவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. பூங்கா என்ற அளவிலும் உயர்தரம். இரண்டும் ஒரே படைப்பாக இணைந்தனவா என்ற ஓல்ம்ஸ்டெட்டின் கேள்விக்கு மட்டும் பாதி மதிப்பெண்தான் தர முடியும். நிலத்தில் இணைந்தவை பார்வையாளரின் அறிவில் இணையவில்லை.

இது தீர்க்க முடியாத குறையல்ல. சீட்டு அறிந்தவருக்குப் பேசுகிறது. இணையப் பதிவேடு தேடுகிறவருக்குத் திறக்கிறது. நடுவில் வெறுமனே நடந்துபோகிறவருக்குக் குடும்பம் மாறும் வளைவுகளில் எதுவும் சொல்லப்படுவதில்லை. 1880களில் போட்ட வரிசை இது, இந்த இடத்தில் லிண்டன் குடும்பம் முடிந்தது, இன்று லிண்டனை இன்னொரு குடும்பத்தில் வைக்கிறோம், காரணம் இன்னது என்று பாதையோரக் கல்லில் நான்கு வரி பொறித்தால் போதும். பழைய வகைப்பாட்டை நிலத்தில் அப்படியே வைத்திருக்கும் தோட்டங்கள் குறைவு. அதன்மேல் புதிய வகைப்பாட்டைப் படித்துக் காட்டத் தேவையான மரமும் சான்றும் ஆளும் இங்கே இருக்கின்றன. ஆயிரம் ஆண்டில் ஏறக்குறைய நூற்று நாற்பது கழிந்திருக்கிறது. அந்தக் கற்களை மக்னோலியாவில் தொடங்கி நட வேண்டும்.